ஏடிவி முன்பக்கம் ஆடுகிறதா? டயரை மாற்றும் முன் இதைப் பாருங்கள்

"முன்னாடி ஆடுதுண்ணா."

ஏடிவி வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்வது பெரும்பாலும் இவ்வளவுதான். அவரும் தலையை ஆட்டிவிட்டு ஏதாவது ஒரு பாகத்தைக் கழற்ற ஆரம்பிப்பார். ஒருவர் டயர் என்பார், ஒருவர் அலைன்மென்ட் என்பார், இன்னொருவர் "பேரிங் போயிருச்சு, ரெண்டு பக்கமும் போட்டுரலாம்" என்பார். மூன்றையும் செய்த பிறகும் ஆடுகிற வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று என் மச்சானுடையது. ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் உரமூட்டை ஏற்றிப்போக வாங்கிய பழைய 400 சிசி வண்டி. முன்டயர் இரண்டையும் புதிதாகப் போட்டோம். அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான். காசு போனது, ஆட்டம் போகவில்லை.

ஏடிவி என்றால் தெரியாதவர்களுக்கு: நான்கு குண்டு டயர், பைக் மாதிரி ஹேண்டில்பார், கால் போட்டு உட்காரும் சீட். கடற்கரை மணலிலும் மலை ரிசார்ட்டுகளிலும் வாடகைக்கு ஓட்டக் கொடுப்பார்களே, அந்த வண்டி. மணல், சேறு, கல் மேடு இதற்கெல்லாம் செய்தது. தார் ரோட்டுக்குச் செய்ததல்ல. இது பின்னால் உதவும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், எது ஆட்டம்?

நாலு விதமான கோளாறை நாம் 'ஆடுது' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம்.

வண்டி நேராகப் போகாமல் கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று நகர்ந்துகொண்டே இருந்தால், நீங்கள் ஹேண்டிலைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால், அது அலைச்சல். எப்போதும் ஒரே பக்கமாகப் போகப் பார்த்தால் இழுப்பு. உள்ளங்கையில் குறுகுறுவென்று மெல்லிய நடுக்கம் மட்டும் இருந்தால் அதிர்வு. அது இன்ஜினில் இருந்து வரலாம், டயரின் பெரிய பற்கள் கெட்டியான தரையில் உருளுவதால் வரலாம். ஹேண்டில்பார் தானாகவே இடம் வலம், இடம் வலம் என்று தாளம் போட்ட மாதிரி அசைந்தால், அதுதான் ஆட்டம்.

இந்தக் கட்டுரை கடைசியாகச் சொன்னதைப் பற்றியது. மெக்கானிக்கிடம் போகும்போதும் இந்தப் பிரிவோடு சொல்லுங்கள். எந்த வேகத்தில், எந்தத் தரையில், பிரேக் பிடிக்கும்போதா பிடிக்காதபோதா என்றும் சேர்த்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வாஷிங் மெஷின் சொல்லித்தரும் பாடம்

துணி பிழியும்போது வாஷிங் மெஷின் சில நாள் தடதடவென்று குதிக்கும். மூடியைத் திறந்து பார்த்தால் ஈரப் போர்வை ஒரு பக்கமாகச் சுருண்டு கிடக்கும். சுற்றுகிற டிரம்மில் ஒரு பக்கம் மட்டும் கனம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு உதை.

ஆனால் அதே போர்வை, அதே மெஷின், ஒரு வீட்டில் லேசாக முனகிவிட்டு நின்றுவிடும். இன்னொரு வீட்டில் குளியலறைக் கதவு வரை நடந்து வந்துவிடும். நடந்து வருகிற மெஷினின் அடியில் பார்த்தால் நாலு காலில் ஒன்று தரையில் சரியாகப் பட்டிருக்காது.

ஆக, ஆட்டத்துக்கு இரண்டு பேர் வேண்டும். உதைப்பவர் ஒருவர், அந்த உதைக்கு இடம் கொடுப்பவர் ஒருவர். ஏடிவியில் உதைப்பவர்கள்: ஒரு பக்கம் கனமான சக்கரம், வளைந்த ரிம், சரியாக உட்காராத டயர். இடம் கொடுப்பவர்கள்: தேய்ந்த மூட்டுகள். மூட்டில் இருக்கும் தேவையில்லாத இந்த இடைவெளியைத்தான் மெக்கானிக்குகள் 'பிளே' என்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மெஷின் சுற்றத் தொடங்கி வேகம் ஏறும்போது நடுவில் ஒரு கட்டத்தில்தான் அதிகம் குதிக்கும். அதைத் தாண்டினால் அடங்கிவிடும். "30ல் ஆடுது, 40ல் ஆடலை" என்று ஏடிவிக்காரர்கள் சொல்வதும் இதேதான். அது ஏன் என்பதற்கு வேறொரு சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.

சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டி

தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் குனிந்து பாருங்கள். சக்கரம் திரும்புகிற ஊசி முன்னால் இருக்கும், சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும். அதனால்தான் நீங்கள் எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் நாய்க்குட்டி மாதிரி பின்னாலேயே வந்து நேராகிக்கொள்கிறது. இந்த முன்பின் தூரத்துக்கு டிரெயில் என்று பெயர்.

ஏடிவியிலும் இது உண்டு. சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அந்த அச்சின் மேல்முனை சற்றுப் பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வைக் காஸ்டர் என்பார்கள். சாய்ந்த அந்தக் கோட்டைக் கீழே நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் போய்த் தரையில் முட்டும். தள்ளுவண்டியில் இருக்கும் அதே ஏற்பாடு. திருப்பத்தில் ஹேண்டிலைத் தளர்த்தினால் தானாக நேராவதற்குப் பெரிய காரணம் இது.

சரி, வேகமாகத் தள்ளும்போது தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்வது ஏன்? ஏதோ ஒரு சின்ன உதை சக்கரத்தை இடப்பக்கம் தள்ளுகிறது. டிரெயில் அதை நேராக்க இழுக்கிறது. ஊசி தளர்ந்திருப்பதால் சக்கரம் நேரில் நிற்காமல் வலப்பக்கம் தாண்டிப் போகிறது. மறுபடி இழுப்பு, மறுபடி தாண்டல். நேராக்குவதற்காக இருக்கிற விசையே பிளே இருக்கும்போது ஆட்டத்தை வளர்க்கிறது.

இதில் நேரமும் சேர்ந்துகொள்கிறது. ஊஞ்சலை எப்போது வேண்டுமானாலும் தள்ளினால் உயராது, சரியான சமயத்தில் தள்ளினால் விரல் நுனி போதும். ஏடிவியில் பரவலாக இருக்கும் 25 அங்குல உயர டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2 மீட்டர் உருளும். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர், அதாவது நொடிக்கு 5 சுற்று. சக்கரத்தில் கனக்கோளாறு இருந்தால் நொடிக்கு 5 உதை. வண்டியின் முன்பக்கத்துக்கும் தனக்கென்று ஒரு ஊஞ்சல் வேகம் உண்டு. இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் ஹேண்டில் கையைப் பிடுங்கும். அந்த வேகத்துக்கு மேலும் கீழும் சாதுவாக இருக்கும்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: உதை ஒன்று, பிளே ஒன்று, இரண்டும் பொருந்தும் வேகம் ஒன்று. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடினால் சக்கரத்தில் உதை இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கல்லிலும் குழியிலும் மட்டும் ஹேண்டில் வெட்டி வெட்டித் திரும்பினால் மூட்டில் பிளே.

ஹேண்டிலில் இருந்து சக்கரம் வரை

பாகங்களின் பெயரைத் தெரிந்துகொண்டால் பில்லைப் படிக்கவாவது உதவும். ஹேண்டில்பாருக்குக் கீழே நேராக இறங்கும் தண்டு ஸ்டீரிங் ஸ்டெம். அதன் அடியில் இருந்து இடமும் வலமும் போகும் இரண்டு கம்பிகள் டை ராடு. கம்பியின் இரு முனையிலும் உருண்டை மூட்டு உண்டு, அது டை ராடு எண்ட். அது போய்ச் சேரும் இரும்புத் துண்டு நக்கிள். சக்கரத்தைத் தாங்கித் திரும்புவது இதுதான். நக்கிளை வண்டியோடு பிடித்திருப்பவை 'ஏ' என்ற ஆங்கில எழுத்து வடிவக் கைகள், மேலே ஒன்று, கீழே ஒன்று. அவற்றை ஏ-ஆர்ம் என்கிறோம். ஏ-ஆர்ம் நக்கிளோடு சேரும் இடத்தில் பால் ஜாயிண்ட். நம் தோள்மூட்டு மாதிரி, குழிக்குள் ஓர் உருண்டை. ஏ-ஆர்ம் சேஸியோடு, அதாவது வண்டியின் இரும்புச் சட்டத்தோடு, சேரும் இடத்தில் புஷ் என்ற குழாய் வடிவ உறை. கடைசியாக, நக்கிளுக்குள் சக்கரத்தைச் சுழலவிடும் வீல் பேரிங்.

எண்ணிப் பாருங்கள், ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏழெட்டு இடத்தில் பிளே வரலாம். ஒவ்வொன்றும் கொஞ்சம்தானே என்று விட முடியாது. டை ராடு சேரும் இடம் திரும்பும் அச்சில் இருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டயரின் விளிம்போ 30 செ.மீ.க்கும் மேல். மூட்டில் அரை மில்லிமீட்டர் தேய்ந்தால் டயர் விளிம்பில் அது ஒன்றரை மில்லிமீட்டர்.

ஸ்பானரைத் தொடும் முன்

மச்சான் வண்டிக்கு வருவோம். புது டயர் போட்ட பிறகும் முப்பதைத் தொட்டால் ஹேண்டில் உதறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவலாம் என்று ஹோஸ் பைப்பை எடுத்து, இடப்பக்க ரிம்மின் உள்பக்கம் தண்ணீரைப் பீச்சினேன். இட்லி இட்லியாக மண் பெயர்ந்து விழுந்தது. மழைக்காலச் சேறு ரிம்மின் உட்குழிவில் ஒரு பக்கமாக ஒட்டிக் காய்ந்து, ஓடு மாதிரி ஆகியிருந்தது. டயர் கடையில் ரிம்மைத் தொட்டார்களே தவிர, அந்த உட்குழிவை யாரும் சுரண்டவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. வெளியில் இருந்து பார்த்தால் சக்கரம் பளபளவென்றுதான் இருந்தது.

மண் போனதும் முப்பதில் வந்த ஆட்டமும் போய்விட்டது. எனவே முதல் சோதனை கழுவுவது. சிரிக்காதீர்கள், சேற்றில் ஓடும் வண்டிகளில் இதுதான் நிறைய நடக்கிறது.

இரண்டாவது காற்று. ஏடிவி டயருக்கு பைக் டயர் மாதிரி காற்றடிப்பவர்கள் இருக்கிறார்கள். பைக்குக்கு 25 முதல் 33 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) என்றால், பல ஏடிவிகளுக்கு 3 முதல் 7 பிஎஸ்ஐதான். 1970ல் ஹோண்டா தன் முதல் மூன்று சக்கர வண்டியைக் கொண்டுவந்தபோது அதில் ஷாக் அப்சார்பரே கிடையாது. பலூன் மாதிரி இருந்த டயர்தான் குலுங்கலைத் தாங்கியது. இன்றைக்கு முன்னும் பின்னும் ஷாக் வந்துவிட்டாலும் ஏடிவி டயர் இன்னும் பாதி ஷாக்தான். அதை 25 பிஎஸ்ஐக்கு ஏற்றினால் பந்து மாதிரி துள்ளும், ஓட்டுபவருக்கும் ஆபத்து.

குறைந்த காற்றில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 5 பிஎஸ்ஐ வேண்டிய இடத்தில் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 5 என்றால் வித்தியாசம் ஐந்தில் ஒரு பங்கு. பெட்ரோல் பங்க் மீட்டரில் இந்த ஒன்றைச் சரியாகப் படிக்க முடியாது. குறைந்த அழுத்தத்தை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். சரியான அளவு வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் உச்ச வரம்பு, அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மூன்றாவது, வீல் நட்டுகள். தளர்ந்திருக்கிறதா என்று ஸ்பானர் வைத்துப் பாருங்கள். கூம்பு முனை உள்ள நட்டு என்றால் கூம்பு ரிம் பக்கம் இருக்க வேண்டும். இறுக்கும்போது சுற்றுவரிசையில் இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள்.

ஜாக்கி போட்டுப் பார்ப்பது

சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்பக்கத்தைத் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் சேஸிக்குக் கீழே ஸ்டாண்டோ கனமான மரக்கட்டையோ வையுங்கள்.

முதலில் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை அசையாமல் பிடியுங்கள். குச்சிக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள சந்து ஒரே அளவாக இருக்கிறதா, விரிந்து சுருங்குகிறதா? இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் மாறினால் ரிம் வளைந்திருக்கலாம். டயரையும் பாருங்கள். ரிம்மை ஒட்டி டயரில் மெல்லிய கோடு ஒன்று வட்டமாக ஓடும். அது எல்லா இடத்திலும் ரிம்மில் இருந்து ஒரே தூரத்தில் தெரிய வேண்டும். ஒரு இடத்தில் உள்ளே போய்விட்டால் டயர் ரிம்மில் சரியாக உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணீர் தடவி, மறுபடி உட்காரவைத்தால் போதும். மெதுவாகப் போகும்போதே முன்பக்கம் வாத்து மாதிரி அசைந்தால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

சுற்றும்போது காதையும் தீட்டிக்கொள்ளுங்கள். கரகர என்று சத்தம் வந்தால் பேரிங்குக்குள் தண்ணீரோ மணலோ போயிருக்கிறது. ஓடையில் இறக்குபவர்களுக்கும் கடற்கரையில் ஓட்டுபவர்களுக்கும் இது சீக்கிரம் வரும். உப்புத் தண்ணீர் இன்னும் மோசம்.

அடுத்து சக்கரத்தை மேலும் கீழுமாக, கடிகாரத்தில் 12க்கும் 6க்கும் கை வைத்து, உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். 'டொக்' என்று அசைந்தால் வீல் பேரிங்காக இருக்கலாம், பால் ஜாயிண்டாகவும் இருக்கலாம். எது என்று பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. இன்னொருவரை முன்பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்தால் சக்கரமும் நக்கிளும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அப்போது ஆட்டம் மறைந்தால் குற்றவாளி பேரிங். பிரேக் பிடித்தும் அசைந்தால் பால் ஜாயிண்ட் அல்லது புஷ். இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் "ரெண்டையும் மாத்திரலாம்" என்ற பேச்சுக்கு இடமில்லை.

இனி 3க்கும் 9க்கும் கை வைத்து இடம் வலமாக. 12-6ல் அசையாத சக்கரம் இங்கே அசைந்தால் டை ராடு எண்ட் பக்கம் போங்கள். அதை உறுதி செய்ய வண்டியை இறக்கி, டயர் தரையில் அழுந்தியிருக்கும்போது பார்ப்பது நல்லது. ஒருவர் ஹேண்டிலை ஒரு அங்குலம் இங்கும் அங்கும் ஆட்ட, இன்னொருவர் டை ராடு எண்டின் மேல் விரலை வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பிளே விரலுக்குத் தெரியும். மச்சான் வண்டியில் வலப்பக்க வெளிமுனை கொட்டைப் பாக்கை விரலுக்கடியில் உருட்டுவது மாதிரி அசைந்தது. மண் போன பிறகும் கல்லில் ஏறும்போது ஹேண்டில் வெட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான். மண்ணை எத்தனை தடவை கழுவினாலும் அடுத்த மழையில் மறுபடி ஒட்டும். அதனால் பிளேயைத்தான் முதலில் ஒழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக, ஹேண்டில்பாரை மேலே தூக்குவது போலவும் முன்னும் பின்னும் தள்ளுவது போலவும் அசைத்துப் பாருங்கள். தண்டு லொடலொட என்றால் மேலே பிடித்திருக்கும் புஷ்ஷோ கீழே உள்ள பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. வெறும் கிரீஸ் வறட்சியாகவும் இருக்கலாம்.

பால் ஜாயிண்டையும் வீல் பேரிங்கையும் சுத்தியலால் தட்டி ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. பாகத்தை நேராக அழுத்தி ஏற்றும் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுங்கள். டை ராடு எண்ட் வீட்டிலேயே மாற்றலாம். கழற்றும் முன் மரை எத்தனை சுற்று உள்ளே போயிருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொண்டால் அலைன்மென்ட் அதிகம் கெடாது.

பிறகுதான் அலைன்மென்ட்

அலைன்மென்டில் வீட்டில் செய்யக்கூடியது டோ. ஆங்கிலத்தில் கால்விரல் என்று பொருள். நாம் நிற்கும்போது பாதங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ இருக்குமல்லவா, மேலிருந்து பார்த்தால் முன்சக்கரங்களும் அப்படித்தான்.

அளப்பது எளிது. ஹேண்டிலை நேராக வைத்து, இரண்டு முன்டயரின் நடுவிலும், முன்பக்கமாக, அச்சு உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். இரு கோடுகளுக்கும் இடையே டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டியை அரைச் சுற்று முன்னால் தள்ளினால் அதே கோடுகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும். மறுபடி அளங்கள். இரண்டின் வித்தியாசம்தான் டோ. எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். போலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் வகைகளில் முன்பக்கம் 3 முதல் 6 மி.மீ. வரை விரிந்திருக்க வேண்டும். வேறு கம்பெனிகளில் உள்நோக்கியும் கேட்பார்கள். வண்டிக் கையேட்டைப் பாருங்கள்.

திருத்துவது டை ராடைத் திருகித்தான். அதன் ஒரு முனையில் லாக் நட்டின் மரை எதிர்ப்பக்கமாகச் சுற்றும், தெரியாமல் பலம் கொடுத்தால் மரை போய்விடும். இரு பக்கமும் ஒரே அளவு திருகுங்கள், இல்லாவிட்டால் நேராகப் போகும்போது ஹேண்டில் கோணலாக நிற்கும்.

ஏன் இதைக் கடைசியில் வைத்தேன் என்றால், பிளே இருக்கும் வண்டியில் டோ அளப்பது ஆடும் தராசில் தங்கம் நிறுப்பது மாதிரி. வண்டியை ஒரு அடி தள்ளினால் அளவு மாறிவிடும். அதோடு, டோ தவறினால் பெரும்பாலும் வருவது அலைச்சலும் டயர் தேய்மானமும்தான்.

வாங்கச் சொல்லும் பொருட்கள்

ஸ்டீரிங் டேம்பர் என்று ஒன்று விற்கிறார்கள். ஹேண்டிலின் வேகமான அசைவை எண்ணெயால் அடக்கும் கருவி. நல்ல நிலையில் உள்ள வண்டியில், கல் நிறைந்த பாதையில், கைக்குச் சுகம். தேய்ந்த மூட்டுக்கு மேல் போட்டால் வலிக்கு மாத்திரை போட்டு எலும்பு முறிவோடு நடப்பது மாதிரி. மூட்டு கழன்று போகும் வரை உங்களுக்குத் தெரியாது.

சக்கரத்தை வெளியே தள்ளும் வீல் ஸ்பேசரும் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் பார்க்க அழகுதான். ஸ்பேசர் போட்டால் பேரிங்குக்கும் டை ராடுக்கும் நெம்புகோல் நீளமாகிறது, சீக்கிரம் தேயும். லிஃப்ட் கிட் பால் ஜாயிண்டைக் கோணத்தில் நிறுத்துகிறது. போட்ட பிறகு ஆட ஆரம்பித்தது என்றால் வேறெங்கும் தேட வேண்டாம்.

தார் ரோட்டில் மட்டும் ஆடுகிறது என்பவர்களுக்கு: பெரிய பல் டயர், 5 பிஎஸ்ஐ காற்று, ஃபோர் வீல் டிரைவ் போட்ட நிலை, இந்த மூன்றும் சேர்ந்து தாரில் போனால் நல்ல வண்டியும் நடுங்கும். ஃபோர் வீலை எடுத்துவிட்டு மண்ணில் ஓட்டிப் பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம்.

வேலை முடிந்தபின்

கழற்றிய ஒவ்வொரு ஸ்ப்ளிட் பின்னுக்கும் பதிலாகப் புதுசு போடுங்கள். நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே போட்டு மடக்கும் சின்னக் கம்பி அது. பழையதை நிமிர்த்தி மறுபடி மடக்கினால் உடையும். கிரீஸ் ஏற்றும் சின்ன முனை (கிரீஸ் நிப்பிள்) உள்ள இடங்களில் பழைய அழுக்குக் கிரீஸ் வெளியே வரும் வரை புதுக் கிரீஸ் ஏற்றுங்கள். இருபது முப்பது கிலோமீட்டர் ஓடியபின் வீல் நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பாருங்கள். மச்சான் வண்டியில் அப்படிப் பார்த்தபோது ஒரு நட்டு கால் சுற்று இறங்கியது.